கவர் லெட்டர், தேங்க்-யூ மெயில்: எங்கே பழுது, எப்படிச் சரிசெய்வது

வேலை விண்ணப்பத்துக்குப் பதில் வராவிட்டால் பலரும் முதலில் குறை சொல்வது தங்கள் இங்கிலீஷைத்தான். மதுரையிலோ சேலத்திலோ படித்து முடித்து, பெங்களூர் மாரத்தஹள்ளியில் பி.ஜி. விடுதி பிடித்துத் தங்கி வேலை தேடுகிறவர்களுக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ஆனால் இலக்கணப் பிழை ஒன்றினாலேயே விண்ணப்பம் நின்றுபோவது குறைவு. மெயில் ஸ்பாமில் கிடக்கும். சப்ஜெக்ட் காலியாக இருக்கும். எப்போது சேர முடியும் என்று எங்கும் எழுதியிருக்காது. கடிதம் முழுக்க எழுதியவரைப் பற்றியே பேசும், அந்த வேலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இவை உட்கார்ந்தால் அரை மணியில் சரியாகிற பழுதுகள். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தில் தொடங்கி, நேரமும் காசும் பிடிக்கிற காரணம் வரை வரிசையாக இருக்கிறது. உங்கள் அறிகுறியைப் பிடித்து மேலிருந்து கீழே பாருங்கள். நடுவில் பழுது அகப்பட்டால் அதைச் சரிசெய்து அனுப்புங்கள், மீதியைப் படிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு விலக்கு. ஹெச்.ஏ.எல்., பி.இ.எல்., இஸ்ரோ போன்ற பொதுத்துறை, அரசு வேலைகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அறிவிப்பில் கேட்ட படிவம், கேட்ட சான்றிதழ், அவ்வளவுதான். நேர்முகத்துக்குப் பிறகு குழு உறுப்பினருக்கு நன்றி மெயில் அனுப்பவே அனுப்பாதீர்கள். 'எந்த வகையிலும் சிபாரிசு தேடினால் தகுதி நீக்கம்' என்ற வரி அந்த அறிவிப்புகளில் வழக்கமாக இருக்கும். நல்லெண்ணத்தில் போட்ட மெயிலும் அந்தக் கணக்கில் போய்விடலாம்.

அறிகுறி 1: அனுப்பியாயிற்று, ஒரு வாரமாகச் சத்தமே இல்லை

மெயில் போய்ச் சேர்ந்ததா?

அதே மெயிலை, அதே இணைப்புகளோடு, நண்பர் ஒருவரின் அவுட்லுக் முகவரிக்கு அனுப்பி, அவர் போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: இன்பாக்ஸில் வந்ததா ஸ்பாமிலா, அனுப்பியவர் பெயர் என்ன என்று காட்டுகிறது, சப்ஜெக்ட் எவ்வளவு தெரிகிறது, இணைப்பு ஒரே தட்டில் திறக்கிறதா. கல்லூரியில் முதலாம் ஆண்டு திறந்த ஜிமெயிலில் 'கார்த்தி ராக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டு மறந்திருப்பவர்கள் நிறைய. உங்களுக்குத் தெரியாது, வாங்குகிறவருக்கு அதுதான் முதலில் தெரியும். ஜிமெயில் அமைப்புகளில் கணக்குப் பகுதிக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

இணைப்பாக டிரைவ் லிங்க் கொடுத்திருந்தால், அதை உங்கள் கணக்கில் நுழையாத இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டால், நிறுவனத்துக்கு ஆள் தேடுகிற ரெக்ரூட்டருக்கும் அதே திரைதான் வந்திருக்கும். அனுமதி கேட்டு உங்களுக்கு எழுதும் பொறுமை யாருக்கும் இல்லை. 25 எம்.பி.க்கு மேல் போனால் ஜிமெயில் தானாகவே டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். சான்றிதழ் ஸ்கேன்களை எல்லாம் சேர்த்து அனுப்பும்போது நடப்பது இதுதான். முதல் மெயிலில் சான்றிதழே வேண்டாம். ரெஸ்யூமே ஒரு பிடிஎஃப், அதோடு போகும் விண்ணப்பக் கடிதமான கவர் லெட்டர் ஒரு பிடிஎஃப், இரண்டும் சேர்ந்து 1 எம்.பி.க்குள் இருந்தால் போதும்.

சப்ஜெக்ட் வரி

'வேலைக்கு விண்ணப்பம்', 'ரெஸ்யூமே', 'ஃபார்வர்ட்: ஃபார்வர்ட்: சி.வி.' இந்த மூன்றும் திறக்கப்படாமல் கிடக்கும். போனில் சப்ஜெக்ட்டின் முதல் ஆறேழு சொற்கள்தான் தெரியும். வேலையின் பெயர், விளம்பரத்தில் எண் இருந்தால் அந்த எண், உங்கள் பெயர், அனுபவம், எப்போது சேர முடியும், இந்த வரிசை. 'அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ், கார்த்திக் சுப்ரமணியன், 4 வருடம், 30 நாளில் சேரலாம்.' ரெக்ரூட்டர் மெயிலைத் திறக்காமலேயே பிரித்துவைக்க இது போதும். அப்படிப் பிரித்துவைக்கத்தான் அவர் காலையில் உட்கார்கிறார்.

பெயர்

இது தமிழர்களுக்கே உரிய பழுது. ரெஸ்யூமேயில் 'எஸ். கார்த்திக்', லிங்க்ட்இன்னில் 'கார்த்திக் சுப்ரமணியன்', விண்ணப்பப் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் 'கார்த்திக் எஸ்' அல்லது வெறும் புள்ளி. ரெக்ரூட்டர் தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. பின்னால் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனிலும் இது உதைக்கும். பான் அட்டையில் பெரும்பாலும் இனிஷியல் விரிந்த முழுப்பெயர் இருக்கும். அதையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்துவிடுங்கள். கோப்பின் பெயரும் அதுவே: 'கார்த்திக் சுப்ரமணியன் கவர் லெட்டர்'. 'நியூ ஃபைனல் 3' வேண்டாம்.

இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போனதா?

ஒரே நிறுவனத்துக்கு உங்கள் ரெஸ்யூமேயை, ஆள் பிடித்துக் கொடுக்கும் இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பியிருந்தால், எந்தக் கன்சல்டன்சிக்குக் கமிஷன் என்ற தகராறு வேண்டாம் என்று இரண்டையும் ஒதுக்கிவைக்கும் இடங்கள் உண்டு. யார் எந்தக் கம்பெனிக்கு அனுப்பினார்கள், எந்தத் தேதியில் என்று ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். 'நல்ல ஓப்பனிங் இருக்கு, கம்பெனி பேரு அப்புறம் சொல்றோம்' என்கிறவரிடம், பெயர் சொல்லாமல் ரெஸ்யூமேயை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று மெயிலில் எழுதிக் கொடுங்கள்.

வேலை இன்னும் இருக்கிறதா?

நௌக்ரி வேலைத் தளத்தில் தெரிகிற விளம்பரம் நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த இடம் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. கடிதத்தைக் குறை சொல்லி ராத்திரி முழுக்கத் திருத்த வேண்டாம்.

எல்லாம் சரி என்றால், ஏழு வேலைநாள் கழித்து, பழைய மெயிலுக்கே ரிப்ளையாக மூன்று வரி போடுங்கள். புது மெயிலாகப் போட்டால் பழையதைத் தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

அறிகுறி 2: விண்ணப்பித்த சில நிமிடத்திலேயே 'வருந்துகிறோம்' மெயில்

இதில் கவர் லெட்டருக்குச் சம்பந்தமே இல்லை. அதை எந்த மனிதரும் திறக்கவில்லை. படிவத்தில் கேட்ட கேள்விகளில் ஒன்று உங்களை வெளியே தள்ளியிருக்கிறது: எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா செய்த பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) எவ்வளவு, எதிர்பார்க்கும் சி.டி.சி. (வருட மொத்தச் சம்பளம்), அலுவலகத்துக்கு வர முடியுமா.

பெங்களூரில் அதிகம் வெட்டுவது நோட்டீஸ் பீரியட். 90 நாள் என்று டிக் செய்தால் அவசரமாக ஆள் தேடும் இடங்களில் அங்கேயே முடிந்துவிடும். பொய்யாக 30 நாள் போடாதீர்கள், ஆஃபர் கட்டத்தில் தெரிந்துவிடும். முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, பை-அவுட்டுக்கு (மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி முன்கூட்டியே கிளம்புவதற்கு) இடம் இருக்கிறதா, மீதமுள்ள லீவைக் கழித்துக்கொள்ள விடுவார்களா என்று படியுங்கள். இடம் இருந்தால் 'பேசித் தீர்க்கலாம்' என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்: '90 நாள் நோட்டீஸ், பை-அவுட் செய்து 45 நாளில் சேர முடியும்.' ஏற்கெனவே பேப்பர் போட்டு ராஜினாமா செய்துவிட்டீர்களா? அப்படியானால் கடைசி வேலைநாளைத் தேதியோடு எழுதுங்கள். பத்து வரித் தற்புகழ்ச்சியை விட அந்த ஒரு தேதிக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது இடம். கே.ஆர்.புரத்தில் குடியிருந்துகொண்டு எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்கு விண்ணப்பித்தால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி இவர் எத்தனை மாதம் வருவார் என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும். வீடு மாற்றத் தயார் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குத் தினமும் வந்துபோகிறவர்கள் ஏராளம். அதை மறைக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம்.

அறிகுறி 3: மெயிலைத் திறந்திருக்கிறார்கள், ஆனால் அழைப்பு இல்லை, அல்லது 'எந்த வேலைக்கு அப்ளை பண்ணீங்க?' என்று கேட்கிறார்கள்

இப்போதுதான் கடிதத்தின் உள்ளே போகிறோம். நேரம் பிடிக்கும் பகுதி இது.

விளிப்பு

'ரெஸ்பெக்டட் சார்/மேடம்' என்பது பள்ளி லீவ் லெட்டரின் மிச்சம். ஐ.டி., ஸ்டார்ட்-அப், பன்னாட்டு நிறுவனங்களில் பெயர் தெரிந்தால் 'டியர் காவ்யா' போதும், மரியாதைக் குறைவு இல்லை. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, குடும்பத் தொழிற்சாலை என்றால் 'டியர் சார்' இன்றும் சரியே. கன்னடப் பெயர்களில் இனிஷியல் பின்னால் வரும்: 'காவ்யா ஹெச்.என்.', 'மஞ்சுநாத் ஆர்.' இதைப் பார்த்து 'டியர் மிஸ் ஹெச்.என்.' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் 'எஸ்.' முன்னால் நிற்கிறது, அவர்களுடையது பின்னால், அவ்வளவே. கிரண், சுமன் போன்ற பெயர்களில் ஆணா பெண்ணா என்று தெரியாது. முழுப்பெயரை எழுதி, மிஸ்டர் மிஸ் எதுவும் போடாமல் விட்டுவிடுங்கள்.

முதல் பத்தி

பெரும்பாலான கடிதங்கள் சாகும் இடம். 'மைசெல்ஃப் கார்த்திக், 2021-ல் பாஸ்டு அவுட், கடின உழைப்பாளி, டீம் ப்ளேயர், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர ஆவல்.' பொம்மசந்திராவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேடுகிறது என்று வையுங்கள். மேலே உள்ள வரிகளில் அக்கவுண்ட்ஸ் எங்கே? அதே வேலைக்கு இப்படி எழுதலாம். வடிவத்துக்காகத் தமிழில் தருகிறோம், இங்கிலீஷில் எழுதும்போதும் இதே வரிசைதான்:

'உங்கள் பொம்மசந்திரா யூனிட்டின் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போது பீன்யாவில் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் மாதம் சுமார் 400 பர்ச்சேஸ் பில்களை டேலியில் ஏற்றி, ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐ 11ஆம் தேதிக்குள்ளும் 3பி-யை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்வது என் பொறுப்பு. கடந்த நிதியாண்டில் ஒரு மாதம்கூட லேட் ஃபீஸ் கட்டவில்லை.'

(ஜி.எஸ்.டி.ஆர்-1 விற்பனை விவரம், 3பி மாத வரிக் கணக்கு; தேதி தாண்டினால் லேட் ஃபீஸ்.) பட்டம், கல்லூரி, மதிப்பெண் எதுவும் இல்லை. அவை ரெஸ்யூமேயில் இருக்கின்றன. அந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு மாதாமாதம் தலைவலி எது என்று இவருக்குத் தெரியும் என்பது முதல் மூச்சிலேயே வந்துவிட்டது. எண்கள் உங்களுடையவையாக, நேர்முகத்தில் கேட்டால் விளக்கக் கூடியவையாக இருக்க வேண்டும்.

நடுப்பகுதி

விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து, பொறுப்புகள் என்ற பகுதியில் முதல் மூன்றை மட்டும் கோடிடுங்கள். பொதுவாக முக்கியமானவை மேலே இருக்கும். அந்த மூன்றில் நீங்கள் உண்மையாகவே செய்த இரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆயிற்று. மூன்றாவது தெரியாதென்றால் தெரியாது. 'கற்றுக்கொள்ளத் தயார்' என்று எழுதுவதைவிட, அதற்கு மிக அருகில் நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். எஸ்.ஏ.பி. மென்பொருள் கேட்கிறார்கள், உங்களிடம் டேலி மட்டும் இருக்கிறது என்றால், டேலியில் காஸ்ட் சென்டர் வாரியாக ரிப்போர்ட் எடுத்ததைச் சொல்வது நேர்மையும் ஆகும், பயனும் ஆகும்.

பிறகு 'ஏன் இந்த நிறுவனம்' என்று ஒரே ஒரு வரி. அவர்கள் வலைத்தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திருப்பி எழுதினால் அவர்களுக்கே அலுப்பு. 'ஏற்றுமதி உண்டு என்று பார்த்தேன், எல்.யு.டி. வைத்து எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ் போட்ட அனுபவம் இருக்கிறது' என்றால் நின்று படிப்பார்கள் (எல்.யு.டி. என்பது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் ஜி.எஸ்.டி. உறுதிமொழி). கடைசியில் சேரக்கூடிய தேதி, இருப்பிடம், கைபேசி எண்.

நீளம்

தனிக் கோப்பாக என்றால் 250 முதல் 300 சொல், ஒரே பக்கம். மெயிலிலேயே எழுதினால் 120 முதல் 150. இரண்டையும் அனுப்பினால் மெயிலில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், ஒரே விஷயத்தை யாரும் இரண்டு முறை படிக்க மாட்டார்கள். வலைப் படிவத்தில் பெட்டிக்குள் ஒட்டுவதானால், முதலில் நோட்பேடில் ஒட்டி அங்கிருந்து எடுங்கள். வேர்டிலிருந்து நேரே ஒட்டினால் புள்ளிப் பட்டியலும் மேற்கோள் குறிகளும் சில இடங்களில் கோணல்மாணலாகும். ஜிமெயிலில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அழுத்தி ஒட்டினால் எழுத்துரு கலக்காது.

ஏ.ஐ. வாசனை

சாட்ஜிபிடியில் எழுதினால் தப்பில்லை. ஒரே நாளில் அதே மாதிரி கடிதம் பத்து பேரிடமிருந்து வருவதுதான் சிக்கல். 'ஐ ஆம் த்ரில்ட் டு அப்ளை' என்று தொடங்கி, ஒவ்வொரு பத்தியிலும் 'பேஷன்' வந்தால் ரெக்ரூட்டர் கண் தாண்டிப் போய்விடுகிறது. சோதனை எளிது: ஒவ்வொரு வரியாக எடுத்து, 'இதை என் ரூம்மேட் தன் கடிதத்தில் அப்படியே போடலாமா?' என்று கேளுங்கள். போடலாம் என்றால் அடியுங்கள். மிஞ்சியது மூன்றே வரி என்றால் அந்த மூன்று வரிதான் உங்கள் கடிதம், அதிலிருந்து வளருங்கள். சதுர அடைப்புக்குறியைக் கோப்பில் தேடிப் பார்க்கவும் மறக்காதீர்கள். 'கம்பெனி பெயரை இங்கே எழுதவும்' என்று அடைப்புக்குள் அப்படியே போன கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கடைசியாக இங்கிலீஷ்

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் அழைப்பில்லை என்றால் இதற்கு வாருங்கள். 'டூ தி நீட்ஃபுல்', 'ரிவர்ட் பேக்', 'ஹியர்வித் என்க்ளோஸ்டு' ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் போனால் இரண்டாக உடையுங்கள். நீண்ட வாக்கியத்தில்தான் காலமும் ஒருமை பன்மையும் குழம்பும். வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் முற்றுப்புள்ளி. தமிழ் வேலைக்கே, அதாவது மொழிபெயர்ப்பு, உள்ளூராக்கம், சப்டைட்டில் வேலைக்குத் தமிழில் கடிதம் எழுதுவதானால் யூனிகோடில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதி வேர்ட் கோப்பாக அனுப்பினால் அந்தப் பக்கம் கிறுக்கலாகத்தான் தெரியும்.

எப்போது வேறொருவரைக் கூப்பிடுவது: பொருத்தமான பத்துப் பதினைந்து வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதி அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை என்றால். அப்போதும் முதலில் காட்ட வேண்டியவர் எழுத்தாளர் அல்லர். அதே துறையில் ஆள் எடுக்கிற சீனியர் ஒருவர்.

அறிகுறி 4: ஒரு விஷயத்தை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் கடிதம் நகரவில்லை

இடைவெளி: ஆறு மாதத்துக்கு மேல் என்றால் ஒரே வரி, காரணம் சுருக்கமாக, இப்போது முடிந்துவிட்டது என்பதோடு. 'குடும்பத்தில் மருத்துவத் தேவைக்காக 2023 ஜூன் முதல் 2024 மார்ச் வரை வேலையில் இல்லை. இப்போது முழுநேரமாகச் சேர முடியும்.' நோய் விவரம் வேண்டாம்.

கன்னடம்: கடையில் பேரம் பேசும் அளவுக்குத் தெரிந்தால் 'ஓரளவு பேசவும் புரிந்துகொள்ளவும் முடியும்' என்று எழுதுங்கள். சரளம் என்று எழுதினால் முதல் போன் காலே கன்னடத்தில் வரும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்தவர்கள் இதை எழுதவே மறந்துவிடுகிறார்கள். சேல்ஸ், மருத்துவமனை, தொழிற்சாலை ஹெச்.ஆர். வேலைகளில் கன்னடமும் தமிழும் சரளம் என்பது பெரிய பலம், முதல் பத்தியிலேயே வரலாம்.

சம்பளம்: கேட்டால் மட்டும்.

அறிகுறி 5: அனுப்பிய பிறகு தெரிகிறது, வேறு கம்பெனியின் பெயர் இருக்கிறது

அரை நிமிடம் ஆகவில்லை என்றால் அன்-டூ. ஜிமெயில் அமைப்பில் இதை 30 நொடிக்கு நீட்டி வைக்கலாம், தானாக இருப்பது 5 நொடிதான்.

தாண்டிவிட்டதா? எழுத்துப்பிழை என்றால் விட்டுவிடுங்கள். கம்பெனி பெயர், வேலையின் பெயர், போன் நம்பர் தப்பென்றால் உடனே திருத்திய பிடிஎஃப்போடு இரண்டு வரி: 'முந்தைய மெயிலில் தவறான கோப்பு இணைந்துவிட்டது. சரியானது இதோ.' மன்னிப்புப் பத்தி வேண்டாம்.

பலர் பார்க்காத இடம் ஒன்று உண்டு. பிடிஎஃப்பை பிரவுசரில் திறந்தால் மேலே டேபில் ஒரு தலைப்பு தெரியும். பழைய கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதும்போது, உள்ளே பெயர் மாறியிருக்கும், அந்தத் தலைப்பில் முதல் கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கும். நண்பரின் கோப்பை வாங்கி எழுதியிருந்தால் ஆத்தர் இடத்தில் அவர் பெயர் இருக்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ போய் டைட்டில், ஆத்தர் இரண்டையும் மாற்றிவிட்டு பிடிஎஃப் எடுங்கள்.

அறிகுறி 6: இன்டர்வியூ முடிந்தது, தேங்க்-யூ மெயில் யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை

காலண்டர் அழைப்பைத் திறந்து விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். மீட், டீம்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் அங்கேயே முகவரி இருக்கும். மறைத்திருந்தால், ரெக்ரூட்டருக்கு ஒரே மெயில்: பேனலில் இருந்தவர்கள் பெயரைக் குறிப்பிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, 'அவர்களிடம் சேர்த்துவிட முடியுமா?' என்று கேட்டு. பெயர், புள்ளி, நிறுவனப் பெயர் என்று முகவரியை ஊகித்து அனுப்பாதீர்கள். அதே பெயரில் வேறொருவர் இருப்பார். கன்சல்டன்சி வழியாகப் போனவர்கள் கன்சல்டன்சிக்கே அனுப்ப வேண்டும், அவர்களைத் தாண்டி நேராகப் போனால் இரண்டு பக்கமும் கசக்கும்.

பீன்யா, ஜிகனி பக்கத்துச் சிறு யூனிட்களில் எல்லாமே வாட்ஸ்அப்தான். அங்கே ஹெச்.ஆர். எண்ணுக்கு இரண்டு வரி போதும், மாலை ஏழு மணிக்கு முன்பு.

அறிகுறி 7: தேங்க்-யூ மெயில் போட்டேன், பதில் இல்லை

பழுது இல்லை. அதற்குப் பதில் எழுதும் வழக்கம் இங்கே குறைவு. 'கிடைத்ததா?' என்று கேட்டு இன்னொரு மெயில் போடுவதுதான் பழுது.

அறிகுறி 8: இன்டர்வியூ நன்றாகப் போனது, தேங்க்-யூ மெயிலுக்குப் பிறகு ஆறிப்போனது

நேரம்: இன்டர்வியூ முடிந்து டாக்ஸியில் உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் போன மெயில், முன்பே எழுதி வைத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். அன்று மாலையோ மறுநாள் காலையோ, 24 மணிக்குள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ என்றால் அன்றைக்கே. அமெரிக்க மேனேஜர் என்றால் ஷெட்யூல் செய்யுங்கள். நம் மாலை 7.30, நியூயார்க்கில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் காலை 9.

ஒரே மெயில் மூவருக்கும்: பேனலில் உள்ளவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள், மெயிலைக் காட்டிக்கொள்வார்கள். முதல் வரி ஒன்றாக இருக்கலாம், நடு வரி அவரவர் கேட்ட கேள்வியிலிருந்து வர வேண்டும். அதற்காகவே இன்டர்வியூ முடிந்ததும் வாசலில் நின்று, யார் எதைக் கேட்டார் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறினால் மறந்துவிடும்.

நீளம்: 80 முதல் 120 சொல். அதற்கு மேல் போனால் அது நன்றி இல்லை, இரண்டாவது கவர் லெட்டர். நடு வரி இப்படி இருக்கலாம்:

'வெண்டர்கள் ரிட்டர்னைத் தாமதமாகப் போடுவதால் இன்புட் கிரெடிட் தங்கிவிடுகிறது என்று சொன்னீர்கள். 14ஆம் தேதி 2பி வந்ததும் விடுபட்ட வெண்டர்களைத் தனிப் பட்டியலாக்கி, பேமென்ட் போடும் முன் பர்ச்சேஸ் டீமிடம் கொடுப்பது இப்போதைய வேலையில் எங்களுக்குப் பயன்பட்டது. உங்கள் யூனிட்டிலும் அதைத் தொடங்க முடியும் என்று தோன்றுகிறது.'

(2பி என்பது வெண்டர்கள் தாக்கல் செய்ததை வைத்து வரும் இன்புட் கிரெடிட் பட்டியல்.) முன்னும் பின்னும் ஒவ்வொரு வரி நன்றி, அவ்வளவுதான். அந்தப் பட்டியலின் மாதிரி என்று இப்போதைய கம்பெனியின் எக்செல்லை இணைத்துவிடாதீர்கள். அவர்கள் கணக்கை வெளியே கொடுத்தவர் நாளை நம் கணக்கையும் கொடுப்பார் என்றுதான் மேனேஜர் நினைப்பார்.

சொதப்பிய பதிலைத் திருத்துவது: ஒரே ஒரு கேள்விக்கு, இரண்டு வரியில் செய்யலாம். மூன்று கேள்விக்கும் விடை எழுதி அனுப்பினால், அவர்கள் மறந்துபோன சொதப்பலையும் நினைவுபடுத்துகிறீர்கள்.

சம்பளம், வொர்க் ஃப்ரம் ஹோம், ரிசல்ட் எப்போது: இந்த மெயிலில் எதுவும் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு மேனேஜரின் சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப், ஸ்வீட் பாக்ஸ், லிங்க்ட்இன்னில் பேனல் மொத்தத்தையும் டேக் செய்து பதிவு, இவையும் வேண்டாம்.

இவை எதுவுமே இல்லாமலும் ஆறிப்போகலாம். புது ஆள் எடுப்பதையே நிறுத்தியிருப்பார்கள், உள்ளேயே ஒருவரை மாற்றியிருப்பார்கள். அதைக் கடிதம் சரிசெய்யாது.

அறிகுறி 9: 'வீ வில் கெட் பேக்' என்று சொல்லி இரண்டு வாரம் ஆயிற்று

சொன்ன தேதி தாண்டி மூன்று வேலைநாள் விடுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் இன்டர்வியூவிலிருந்து ஏழு வேலைநாள். ரெக்ரூட்டருக்கு, பழைய மெயிலுக்கே ரிப்ளையாக: எந்த வேலை, எந்தத் தேதியில் எந்த ரவுண்டு முடிந்தது, நிலை என்ன என்று ஒரு கேள்வி. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதோடு நிறுத்துங்கள். கையில் வேறு ஆஃபர் இருந்தால் இரண்டாவது மெயிலில் அதை உண்மையாக, பதில் சொல்ல வேண்டிய தேதியோடு எழுதுங்கள். இல்லாத ஆஃபரை எழுதினால் 'காங்கிராட்ஸ், எடுத்துக்கோங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அறிகுறி 10: கடிதத்துக்கு உடனே பதில், ஆனால் பணம் கேட்கிறார்கள்

ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங் டெபாசிட், லேப்டாப் செக்யூரிட்டி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நிறுத்துங்கள். அனுப்புகிறவர் முகவரி நிறுவனத்தின் சொந்த டொமைனா, ஜிமெயிலா என்று பாருங்கள். டொமைனில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனத்தின் வலைத்தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களாகவே போன் செய்து, அந்த ஆஃபர் உண்மையா என்று கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. மெயில், ஸ்கிரீன்ஷாட், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள்.

காசு கொடுத்து எழுத வைப்பது

எல்லா அறிகுறியும் பார்த்தாயிற்று, துறை மாறுகிறீர்கள் அல்லது வெளிநாட்டு விண்ணப்பம், அப்போது இது நியாயமான செலவு. கொடுக்கும் முன் ஒரே சோதனை: எழுதுகிறவர் முதலில் விளம்பரத்தின் ஜே.டி.யை (வேலை விவரக் குறிப்பை) கேட்கிறாரா, பிறகு உங்களிடம் அரை மணியாவது பேசுகிறாரா? ரெஸ்யூமேயை மட்டும் வாங்கிக்கொண்டு 'நாளைக்கு ரெடி' என்றால் அவரிடம் இருப்பது ஒரு டெம்ப்ளேட். எழுதி வந்த கடிதத்தில் உங்களால் நேர்முகத்தில் விளக்க முடியாத வரி ஒன்று இருந்தாலும் அதை அடித்துவிட்டு அனுப்புங்கள்.